மலை வலது கைப் பக்கம்

1

கடல் தாண்டிப் போனவர்கள் எழுதுகிற குறிப்புகளை நான் விரும்பிப் படிப்பேன். பனி, விசா, விமான நிலையத்தில் பறிகொடுத்த ஊறுகாய் என்று உருக்கமாக எழுதுவார்கள். நான் தாண்டியது கர்நாடக எல்லையில் இருக்கிற அத்திபெலே டோல்கேட். அதைத் தாண்டி இந்த ஆனியோடு இருபத்தைந்து வருஷம் முடிந்துவிட்டது. திருவண்ணாமலையில் காலைப் பலகாரத்தை முடித்துவிட்டுப் பஸ் ஏறினால் பெங்களூரில் மதியச் சாப்பாட்டுக்கு இலை போட்டுவிடலாம். இந்தத் தூரத்தை வைத்துக்கொண்டு புலம்பெயர்ந்தேன் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஊரிலும் யாரும் மதிப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து சின்ன நாத்தனார் வந்தால் வீடே வாசலில் நிற்கும். நான் போனால், "நீதானா, உள்ள சோறு இருக்குது, போட்டுக்கோ" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே சொல்வார்கள்.

நாங்கள் இருப்பது சந்தாபுராவில். மளிகைக்கடையில் தமிழ், காய்காரரிடம் தமிழ், மாடி வீட்டுச் சண்டையும் தமிழ். வெளிநாடு என்று எனக்கு ஒன்று இருக்குமானால் அது என் வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதன் பெயர் நிவேதா. என் மகள், இருபத்து மூன்று வயது, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கன்னடத்தில் கணீரென்று பேசுவாள், ஆங்கிலத்தில் யோசிப்பாள், தமிழில் என்னைத் திட்டுவாள். தமிழ் படிக்க மட்டும் வராது. பள்ளியில் கன்னடமும் இந்தியும் எடுத்தாள். ஃபிரிட்ஜில் நான் தமிழில் எழுதி ஒட்டுகிற சீட்டுகள் அவளுக்குக் கோலம் மாதிரி. அதனால் இந்தக் குறிப்பு எந்தப் பத்திரிகையில் வந்தாலும் அவள் கண்ணில் படாது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுகிறேன்.

2

ஒன்றரை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நிவேதா வீட்டில் இல்லை. முதுகில் ஒரு பை, தலையில் தொப்பி, "காட்டுக்குப் போறேன்மா" என்று கிளம்பிவிடுவாள். கல்யாண வயதில் ஒரு பெண் வாரம் தவறாமல் காட்டுக்குப் போகிறாள் என்றால் எந்த அம்மா நம்புவாள்? ஒரு நாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் ஷூவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். நிஜமாகவே செம்மண் கொட்டியது. நாலைந்து புல் விதையும் விழுந்தது. யாராவது பையன் இருப்பான், திட்டுவதற்கு ஒரு பெயர் கிடைக்கும் என்று தயாராக இருந்த எனக்கு, உண்மையைச் சொன்னால், கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அது ஒரு நடைக் குழு. வாரா வாரம் ஏதாவது ஒரு குன்றுக்கோ காட்டுக்கோ போவார்கள். எல்லாரும் காரில் போவார்கள். நம் வீட்டில் கார் கிடையாது. மற்றவர் காரில் இடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், "கார் இல்லாதவங்க காட்டையே பாக்கக் கூடாதா?" என்று இவள் குழுவில் கேட்டிருக்கிறாள். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போய்விட்டு வருகிற மாதிரி மாதம் ஒரு நடை வைக்கலாம், தானே கூட்டிப் போகிறேன் என்றிருக்கிறாள். அவர்களும் பல மாதம் இழுத்தடித்துவிட்டு, சரி, ஒரு சோதனை நடை நடத்திக் காட்டு என்றார்கள். குறைந்தது பன்னிரண்டு பேர் வர வேண்டும். மூத்தவர் ஒருவர் கூடவே வந்து பார்ப்பார். போனவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். இதெல்லாம் நடந்தால் நிவேதா லீடர்.

இரண்டு வாரமாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. எந்த ஸ்டேஷனில் இறங்குவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தப் பாறையில் உட்காருவது என்று தட்டில் சாதம் காயக் காயப் பேசினாள். "ம்", "தெரியல", "அப்புறம்" என்ற மூன்று வார்த்தையில் வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்த பெண். அவள் ஜெயிக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதில், இந்தப் பேச்சு நின்றுவிடக் கூடாது என்ற சுயநலமும் இருந்தது.

சனிக்கிழமை மதியம் ஒருவர் காய்ச்சல் என்று விலகிக்கொண்டார். பதினோரு பேர். ஒரு மார்க்கில் போன பிள்ளையின் முகத்தை இருபது வருஷமாக வகுப்பில் பார்த்துவருகிறேன். நான் கணக்கு டீச்சர். அதே முகம் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தது.

அவள் அப்பாவுக்கு மறுநாள் பொம்மசந்திராவில் ஷிப்ட். "நான் வரட்டுமாடி?" என்றேன்.

சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வா. ஆனா கண்டிஷன் இருக்குது" என்றாள்.

3

கண்டிஷன்களை விரல் விட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு, நீ என் அம்மான்னு யாருக்கும் தெரியக் கூடாது. ஆள் சேராம வீட்டுலேர்ந்து கூட்டிட்டு வந்துட்டான்னு சொல்லுவாங்க. ரெண்டு, தலைய எண்ணாத. மூணு, சாப்பாடு கட்டாத, எல்லாரும் அவங்கவங்க எடுத்துட்டு வருவாங்க. நாலு, காட்டுக்குள்ள போன் சைலண்ட். பறவைங்க மிரளும்."

"அவ்ளோதானே?"

"அஞ்சு, நான் சொல்றத கேக்கணும். அங்க நான் உன் பொண்ணு இல்ல, லீடர்."

இரண்டாவது கண்டிஷன்தான் கஷ்டம். பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் கூட்டிப் போய்ப் போய் எனக்குத் தலையை எண்ணுகிற வியாதி வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறும்போது எண்ணுவேன், இறங்கும்போது எண்ணுவேன், கல்யாணப் பந்தியில் பக்கத்து வரிசையை எண்ணுவேன். ஒரு தடவை சாவு வீட்டில் எண்ணிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

பிறகு போனில் ஆங்கிலத்தில் ஒரு படிவம் அனுப்பினாள். பெயர், வயது, ரத்த வகை. மலை ஏறிய முன் அனுபவம் என்ற இடத்தில், "கிரிவலம், பதினாலு கிலோமீட்டர், முப்பது தடவைக்கு மேல்" என்று எழுதப் பார்த்தேன். அது எழுத விடவில்லை. புதியவர், ஓரளவு பழகியவர், தேர்ந்தவர் என்ற மூன்றில் ஒன்றைத் தொடச் சொன்னது. முப்பது தடவை சுற்றியவள் புதியவளா? தேர்ந்தவர் என்பதைத் தொட்டேன்.

அடுத்தது, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண். வீட்டுக்காரரின் போன் ஷிப்ட் முடியும்வரை லாக்கரில் தூங்கும். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண்கள் இரண்டுதான். ஒன்று கேஸ் புக் செய்கிற எண். இன்னொன்று நிவேதாவுடையது. அதைப் போட்டேன். கீழே உறவு என்று ஒரு கட்டம். மகள் என்று எழுதினேன். படிவத்தில் பொய் எழுதுவதற்குத்தான் நான் பிள்ளைகளைத் திட்டுகிறேன், நானே எப்படி எழுதுவது? அனுப்பிவிட்டு, சமையலறைக்குப் போய், லீடரையும் மூத்தவரையும் சேர்த்துப் பதினாலு பேருக்குப் புளியைக் கரைத்தேன். மூன்றாவது கண்டிஷன் அங்கேயே போயிற்று.

4

காலையில் சந்தாபுராவில் பஸ் ஏறினோம். கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை, இந்த மாநில முகவரியுள்ள அடையாள அட்டையைக் காட்டினால் போதும். நிவேதா போனை நீட்டினாள், கண்டக்டர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் என் ஆதாரை நீட்டினேன். அதில் இன்னும் திருவண்ணாமலை முகவரிதான் இருக்கிறது.

"அக்கா, இது தமிழ்நாடு. டிக்கெட் தகொள்ளி, வாங்கிக்கோங்க" என்றார் அவர், கொஞ்சமும் கோபமில்லாமல்.

ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் பக்கம் உள்ளூர்க்காரி, இந்தப் பக்கம் வெளியூர்க்காரி.

"எத்தன வருஷமா சொல்றேன், அட்ரஸ் மாத்தும்மா" என்றாள் நிவேதா.

ஒவ்வொரு விடுமுறைக்கும் மாற்றலாம் என்றுதான் நினைக்கிறேன். வாடகை ஒப்பந்தத்தை எடுப்பேன், கரண்ட் பில் வீட்டுக்காரம்மா பெயரில் இருக்கும், வரிசை டீக்கடை வரைக்கும் நிற்கும், திரும்பி வந்துவிடுவேன். இதெல்லாம் நான் வெளியில் சொல்கிற காரணம். அந்த அட்டையில் ஊர் பேர் போய்விட்டால் வேறு எதில்தான் இருக்கும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. அது அவளுக்குச் சொன்னால் புரியாது என்று டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

பொம்மசந்திராவில் மஞ்சள் மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் இறங்கிப் பச்சை மெட்ரோவுக்கு மாறினோம். மாறும்போதே அவள் வேறு பெட்டிக்குப் போய்விட்டாள். வஜ்ரஹள்ளி ஸ்டேஷன் வாசலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் துரஹள்ளிக் காடு. முன்பின் தெரியாதவளைப் போல நானும் போய் ஓரமாக நின்றேன்.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் ஹெக்டே. அறுபது தாண்டிய மனிதர், சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டு. வரிசையின் கடைசியில் நடந்து பின்தங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ள அர்ஜுன் என்ற இளைஞன். அவன் கழுத்தில் ஒரு கேமரா, அவன் கண் எப்போதும் மரத்து மேல்.

நிவேதா ஒரு கல்லில் ஏறி நின்று கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். எங்கே குப்பை போடக் கூடாது, எங்கே தண்ணீர் குடிக்கலாம், யாரும் வரிசையை விட்டு விலகக் கூடாது. நான்கு வயதில் மேடையில் ஏறி அழுதுகொண்டே இறங்கிய பெண். பக்கத்தில் நின்றிருந்த அம்மாளிடம், "இந்தப் பொண்ணு நல்லா பேசுது இல்ல?" என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் கண்டிஷன் இடம் கொடுக்கவில்லை. பிறகு மனசுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு. மனசுக்குள் எண்ணுவதற்குத் தடை போட்டிருக்கவில்லை.

5

எங்கள் ஊரில் மலையில் ஏற மாட்டோம். மலைதான் சாமி. தீபத்தன்று ஏறுகிறவர்கள் உண்டு, மற்றபடி மலைக்கும் எங்களுக்கும் உள்ள பேச்சுவார்த்தை எல்லாம் சுற்றி வருவதுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, மலையை வலது கைப் பக்கம் வைத்து நடந்தால், கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம்.

நிவேதாவுக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு பௌர்ணமியன்று கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாள். நான் பதறிப்போய்த் தலை தலையாகத் தேடினேன். அழுது முடித்துக் கிளம்பிய இடத்துக்கு வந்தால், கற்பூரக் கடை வாசலில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிறாள். "நீதானே சொன்ன? தொலைஞ்சு போனா மலைய வலது கைப் பக்கம் வெச்சிக்கினு நடன்னு. நடந்தேன், வந்துட்டேன்" என்றாள். யாரோ ஒரு குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள். அன்றைக்கு அவளை அடித்தேனா முத்தம் கொடுத்தேனா என்று நினைவில்லை. இரண்டும் இருக்கும்.

துரஹள்ளியில் யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவே அரைமணி நேரம் நடந்ததும் பெரிய பாறைக் குன்று ஒன்று வந்தது. வழவழவென்று யானை முதுகு மாதிரி. முன்னால் போனவர்கள் விறுவிறுவென்று ஏறினார்கள். நான் கீழே நின்றேன். எதிரே மலை, கையில் புளியோதரைப் பை, காலில் ஷூ. அந்த ஷூவோடு அதன் மேல் கால் வைக்க எனக்கு மனசு வரவில்லை. முட்டியும் வரவில்லை என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

எங்கள் மலையோடு ஒப்பிட்டால் இது ஒரு கூழாங்கல். பத்து நிமிஷத்தில் சுற்றிவிடலாம், அவர்கள் இறங்கும்போது கீழே நிற்கலாம் என்று கணக்குப் போட்டேன். கடைசியில் வந்த அர்ஜுனிடம் ஆங்கிலத்தில், "நான் சுத்தி வரேன், நீங்க போங்க தம்பி" என்றேன். பக்கவாட்டில் சரிவாக மேலே போகிற பாதை ஒன்று உண்டாம், அதில் வருகிறேன் என்று சொல்வதாக அவன் எடுத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மரத்தில் ஏதோ ஒரு பறவை வேறு வந்து உட்கார்ந்தது. தலையை ஆட்டிவிட்டுக் கேமராவைத் தூக்கினான்.

நான் ஷூவைக் கழற்றி, கயிற்றை முடிந்து தோளில் மாட்டிக்கொண்டு, மலையை வலது கைப் பக்கம் வைத்து நடக்க ஆரம்பித்தேன்.

6

பத்தாவது அடியில் முள் குத்தியது. அண்ணாமலையாரே மன்னித்துக்கொள்ளும் என்று சொல்லி ஷூவை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. வலது கைப் பக்கம் மலை இருந்துகொண்டே இருந்தது. ஒரு பாறை முடிந்தால் இன்னொன்று, அது முடிந்தால் புதர் மண்டிய மேடு. இது தனியாக நிற்கிற மலை இல்லை, ஒன்றோடொன்று தோள் கோத்துக்கொண்டு நீளமாகக் கிடக்கிற மேடு என்பது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். எங்கள் ஊர் மலைக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

ஒரு திருப்பத்தில் கன்னடத்தில் ஒரு பலகை. இருபத்தைந்து வருஷத்தில் நான் கன்னடம் படிக்கக் கற்றது பஸ் போர்டு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டினேன். 'எச்சரிக்கெ' வரை சிரமமில்லை, நம்முடையதேதான். அடுத்த வார்த்தையைக் கூட்டிக்கொண்டே இருபதடி நடந்துவிட்டேன். சி... ர... தெ. சிறுத்தை! அதற்குள் பலகை எனக்குப் பின்னால் போய்விட்டது. பலகைக்கு முன்னால் இருப்பது பத்திரமா, பின்னால் இருப்பது பத்திரமா என்று தெரியவில்லை. சிறுத்தைக்குப் புளியோதரை பிடிக்காது என்று நம்பி நடந்தேன்.

கொஞ்ச தூரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் வந்தது. அதன் மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. காவலாளி. எந்த ஊரோ, முகம் வடகிழக்கு மாதிரி இருந்தது. அவர் எனக்காக அவருக்கு வராத கன்னடத்தில் பேசினார், நான் அவருக்காக எனக்கு வராத கன்னடத்தில் பேசினேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பாஷை பட்ட பாட்டைக் கேட்கக் கன்னடக்காரர் யாரும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இடது பக்கம் இறங்கினால் ரோடு, ஆட்டோ கிடைக்கும் என்று கையைக் காட்டினார்.

நியாயமான யோசனைதான். ஆனால் இடது பக்கம் இறங்கினால் மலை முதுகுப் பக்கம் போய்விடுமே. "பேடா, தேங்க்ஸ்" என்று வேண்டாமென்பதைக் கன்னடத்தில் சொல்லிவிட்டு நேராக நடந்தேன். அவர் சுவர் மேலேயே நின்று நான் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் தொலையவில்லை, மலை பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே மேலே அவர்கள் தலையை எண்ணியிருப்பார்கள். பதினொன்று. போனவர்கள் அத்தனை பேரும் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு நன்றாகத் தெரியும். எத்தனை பிள்ளைகளை, "உன் ஒருத்தனால மொத்த கிளாஸும் நிக்குது பார்" என்று திட்டியிருக்கிறேன். எண்ணிக்கையை நிரப்ப வந்தவள் நான்தான், குறைத்தவளும் நான்தான். சிறுத்தை வந்தாலும் பரவாயில்லை, என் பெண்ணின் முகம் அந்த சோபா முகமாக மாறக் கூடாது என்று நின்று அழுதேன். போனை எடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அது சைலண்டில், புளியோதரைத் தூக்குக்கு அடியில், கீழ்ப்படிதலோடு கிடந்தது. பிறகு பார்த்தபோது இருபத்தொரு அழைப்பு.

7

மேலே நடந்ததை எனக்கு அர்ஜுன்தான் பின்னால் சொன்னான்.

பாறை உச்சியில் நிவேதா எண்ணியிருக்கிறாள். பதினொன்று. மறுபடி எண்ணியிருக்கிறாள். பதினொன்று. யார் இல்லை என்று பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டதாம். தனியே போய்ப் போனை அடித்துப் பார்த்திருக்கிறாள். நான் எடுக்கவில்லை. "அந்த ஆன்ட்டி சுத்தி வரேன்னாங்க" என்று அர்ஜுன் திணறியிருக்கிறான். ஹெக்டே பதற்றப்படாத மனிதர். போனில் படிவங்களைத் திறந்து, என் பெயரைத் தேடி, அவசர எண்ணை அழைத்திருக்கிறார்.

பக்கத்தில் நின்ற லீடரின் கையில் போன் அதிர்ந்தது.

ஹெக்டே தன் போனைப் பார்த்தார். அவளுடைய போனைப் பார்த்தார். பிறகு படிவத்தைக் கொஞ்சம் கீழே தள்ளி, உறவு என்ற கட்டத்தைப் பார்த்தார். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா சார். எங்கம்மா" என்றாளாம் நிவேதா கன்னடத்தில். குரல் உடைந்துவிட்டதாம். "மன்னிச்சிடுங்க. திட்டுறத அப்புறம் திட்டுங்க. மொதல்ல அவங்கள கூட்டிட்டு வரணும்."

வந்த வழியே திரும்பித் தேடலாம் என்று இரண்டு பேர் கிளம்பியிருக்கிறார்கள். இவள் தடுத்திருக்கிறாள். "பின்னாடி போக மாட்டாங்க. நிக்கவும் மாட்டாங்க. மலைய வலது பக்கம் வெச்சிட்டு நடந்துட்டே இருப்பாங்க. சிறுத்தையே வந்தாலும் இடது பக்கம் திரும்ப மாட்டாங்க." போனில் வரைபடத்தை விரித்து, பாறையின் ஓரமாக விரலை ஓட்டி, மேட்டின் அந்தக் கோடியில் வேலி உடைந்திருக்கும் ஒரு இடத்தில் நிறுத்தினாளாம். "இங்கதான் வெளிய வருவாங்க." மற்றவர்களை, காலையில் என் பக்கத்தில் நின்ற அந்த அம்மாளின் பொறுப்பில் பாறையிலேயே உட்காரவைத்துவிட்டு, அர்ஜுனும் ஹெக்டேயும் பின்னால் வர, குறுக்கே இறங்கி ஓடியிருக்கிறாள்.

நான் அந்த வேலி இடுக்கில் தலையை நுழைத்தபோது துப்பட்டா முள்ளில் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்தால் எதிரே ஒரு சிமெண்ட் குழாய் மேல் என் பெண் உட்கார்ந்திருக்கிறாள். கற்பூரக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த அதே மாதிரி, முட்டியைக் கட்டிக்கொண்டு. பொரி மட்டும்தான் இல்லை.

"அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். ஹெக்டே நிற்கிறார், அர்ஜுன் நிற்கிறான், கண்டிஷன் ஒன்று காற்றில் பறந்துவிட்டது. "உனக்கு அறிவிருக்குதா? எல்லா மலையும் உங்க ஊரு மலையா? சுத்துனா வந்துடுமா? போன எடுக்க மாட்டியா நீ?"

"நீதானேடி சைலண்ட்ல போடச் சொன்ன" என்றேன்.

"எதத்தான் கேக்குற நீ, இத மட்டும் கேட்டிருக்க!" என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஹெக்டே நாகரிகமாக ஒரு செடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி பாறை அடிவாரத்துக்கு வந்ததும் அவள் எல்லாரையும் கீழே வரச் சொல்லி, நிற்கவைத்து எண்ணினாள். என்னிடம் வந்தபோது தலைமேல் கையை வைத்து, ஒரு அழுத்து அழுத்தி, "பன்னெண்டு" என்றாள். மற்றவர்களை ஆங்கிலத்தில் எண்ணியிருந்தாள். என்னை மட்டும் தமிழில்.

நான் தூக்கைத் திறந்தேன். அவரவர் கொண்டுவந்த பிஸ்கட்டும் பழமும் எப்போதோ தீர்ந்திருந்தன. மூன்றாவது கண்டிஷனைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, எல்லா வாயிலும் சோறு இருந்தது. இரண்டு கை சாப்பிட்டு முடித்த பிறகு ஹெக்டே நோட்டை எடுத்து மடியில் வைத்தார். நிவேதா சாப்பிடாமல் நின்றாள்.

அவர் பெங்களூர்த் தமிழில் என்னைப் பார்த்துத்தான் பேசினார். "நோடிம்மா, உங்க பொண்ணு என்கிட்ட ஒரு விஷயத்த மறைச்சா. அது தப்பு. ஒரு ஆள தொலைச்சா, அதுவும் தப்பு. ஆனா, தொலைஞ்சவங்க எங்க வருவாங்கன்னு உக்காந்த இடத்துலயே சொன்னா. எனக்கு முப்பது வருஷமா அது வரல."

"சார், அப்ப பாஸா?" என்றேன். என் பள்ளியில் யாராவது இப்படிக் கேட்டால் வெளியே நிற்க வைப்பேன்.

"இன்னொரு நடை பாக்கணும்" என்றார். நிவேதாவின் முகம் விழுந்தது. அவர் எழுதுவதை நிறுத்தாமலே தொடர்ந்தார். "அடுத்த மாசம். அதுக்கும் நீங்க வரணும். உங்கள ஒருத்தர தொலைக்காம கூட்டிட்டுப் போயி கூட்டிட்டு வந்துட்டான்னா, இந்தப் பொண்ண நம்பி யார வேணா அனுப்பலாம். புளியோகரே இன்னும் கொஞ்சம் இருக்கா?"

8

திரும்பும்போது மெட்ரோவில் அவள் வேறு பெட்டிக்குப் போகவில்லை. பஸ்ஸில் நான் ஆதாரை எடுப்பதற்குள் அவளே என் டிக்கெட்டை வாங்கிவிட்டாள். அட்ரஸ் மாற்று என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. தூங்கிவிட்டாள், என் மேல் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு.

ஊருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். இருபத்தைந்து வருஷத்தில் முதல் தடவையாக டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார்கள்.

போன வாரம் அடுத்த நடைக்குப் படிவம் வந்தது. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நிரப்பினேன், நிவேதா எதிரே உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன் அனுபவத்தில் இந்தத் தடவை நேர்மையாகப் புதியவர் என்பதைத் தொட்டேன். அவசர எண், அதேதான், வேறு எண் இன்னும் மனப்பாடம் ஆகவில்லை. உறவு என்ற கட்டம் வந்ததும் யோசித்தேன். போன தடவை உண்மையை எழுதியதால்தானே இவ்வளவும்? அதோடு, ஐந்தாவது கண்டிஷனை அவள் இன்னும் வாபஸ் வாங்கவில்லை. லீடர் என்று எழுதிவிட்டு, சரியா என்று பார்க்கச் சொல்லிப் போனை அவள் பக்கம் தள்ளினேன்.

படித்தாள். லீடர் என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அந்த இடத்தில் மகள் என்று எழுதி, அனுப்பிவிட்டு, போனை என் பக்கம் தள்ளினாள்.

"மூணாவது கண்டிஷன் கேன்சல்" என்றாள். "பதினஞ்சு பேருக்குக் கட்டு."